டேக்கார்ட்டின் அறிவியற் பணி: வானவில் உணர்த்தும் உண்மை

முன்னுரை

ரெனே டேக்கார்ட் (1596–1650) என்னும் பெயரைக் கேட்டவுடன் நம் நினைவுக்கு வருவது ஐயம். கண்ட பொருள், கேட்ட செய்தி, கற்ற நூல் ஆகிய அனைத்தையும் ஐயுற்று, ஐயுறும் தன் இருப்பை மட்டும் ஐயுற இயலாது என்று கண்டு, அந்த ஒரு புள்ளியின்மீது தம் மெய்யியலை எழுப்பியவர் அவர். மெய்யியல் வகுப்பில் அவரைப் பற்றிய அறிமுகம் பெரும்பாலும் இத்துடன் நிறைவு பெறுகின்றது. ஆயின், அவருடைய உழைப்பின் பெரும்பகுதி கண்ணாடி வில்லை, வானவில், வளைகோடு, கோள்களின் இயக்கம், விலங்குகளின் கண்ணும் இதயமும் ஆகியவற்றை ஆராய்வதிலேயே சென்றது என்பதைப் பலர் அறியார்.

மெய்யியலின் அடிப்படை நூல்களுள் ஒன்றாக இன்று தனியே பயிலப்பெறும் அவருடைய ‘வழிமுறை பற்றிய உரை’, 1637ஆம் ஆண்டு லைடன் நகரில் வெளிவந்தபோது தனி நூலாக வரவில்லை. ‘ஒளியியல்’, ‘வானிலையியல்’, ‘வடிவகணிதம்’ என்னும் மூன்று அறிவியற் கட்டுரைகளுக்கு முகவுரையாகவே அஃது அமைந்திருந்தது. நூலில் ஆசிரியர் பெயர் இல்லை. கற்றோர் மொழியாகிய இலத்தீனை விடுத்து, மக்கள் மொழியாகிய பிரெஞ்சு மொழியில் அது எழுதப்பட்டிருந்தது. முகவுரை வழிமுறையைக் கூற, பின்வரும் மூன்று கட்டுரைகளும் அவ்வழிமுறையின் விளைச்சலைக் காட்டின. விதையின் தன்மையை விளைச்சலே காட்டும்.

அவ்விளைச்சலில் ஒரு பகுதி இன்றும் நிலைத்து நிற்கின்றது. மற்றொரு பகுதி, அவர் மறைந்த ஐம்பது ஆண்டுகளுக்குள்ளாகவே பெரிதும் ஆட்டங்கண்டது. ஒரே மனிதர், ஒரே வழிமுறை. பயன் மட்டும் ஏன் இருவேறாயிற்று? இவ்வினாவுக்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வாழ்வும் சூழலும்

டேக்கார்ட், 1596ஆம் ஆண்டு மார்ச் 31ஆம் நாள் பிரான்சு நாட்டின் தூரேன் பகுதியைச் சேர்ந்த லா ஹே என்னும் சிற்றூரில் பிறந்தார். இன்று அவ்வூர் அவர் பெயராலேயே வழங்குகின்றது. லா ஃப்ளேஷ் என்னுமிடத்தில் ஏசு சபையார் நடத்திய கல்லூரியில் பயின்றபின், 1616இல் புவாத்தியே பல்கலைக்கழகத்தில் சட்டப் பட்டம் பெற்றார். 1618இல் ஆலந்து நாட்டுப் படையில் தன்னார்வலராகச் சேர்ந்து பிரெடா நகரில் தங்கியிருந்தபோது ஐசக் பேக்மன் என்னும் அறிஞரைச் சந்தித்தார். இயற்கை நிகழ்ச்சிகளைக் கணிதத்தின் துணைகொண்டு விளக்கலாம் என்னும் எண்ணத்தை அவருள்ளத்தில் வளர்த்தது அந்நட்பே ஆகும்.

1628ஆம் ஆண்டின் இறுதியளவில் அவர் ஆலந்திலேயே குடியேறினார். அடுத்த இருபது ஆண்டுகளில் ஊரும் வீடும் பலமுறை மாறின. ஆய்வு மட்டும் மாறாது தொடர்ந்தது. 1629இல் உரோமை நகருக்கருகே வானில் ஒரே வேளையில் பல கதிரவன்கள் தோன்றியதுபோன்ற காட்சி காணப்பட்டது. அச்செய்தியை எட்டக் கேட்ட டேக்கார்ட், அதன் காரணத்தை ஆராயப் புகுந்தார். அம்முயற்சியே விரிந்து ‘வானிலையியல்’ கட்டுரையாயிற்று.

1633இல் அவர் ‘உலகம்’ என்னும் பெருநூலை முடிக்கும் நிலையிலிருந்தார். புவி இயங்குகின்றது என்னும் கொள்கை அந்நூலின் உயிர்நாடி. அவ்வாண்டு உரோமையில் கலிலியோ கண்டிக்கப்பட்ட செய்தி எட்டியதும், அந்நூலை வெளியிடாமல் நிறுத்திக்கொண்டார். அவர் மறைந்து பதினான்கு ஆண்டுகளுக்குப் பின்னர் 1664இல்தான் அஃது அச்சேறியது. தம் இயற்பியற் கொள்கைகளை வேறொரு வடிவில் ‘மெய்யியலின் கோட்பாடுகள்’ என்னும் இலத்தீன் நூலாக 1644இல் வெளியிட்டார். சுவீடன் நாட்டு அரசி கிறிஸ்தினாவின் அழைப்பை ஏற்று 1649இல் ஸ்டாக்ஹோம் சென்றவர், அடுத்த ஆண்டு பிப்ரவரி 11ஆம் நாள் அங்கேயே காலமானார்.

கோடும் எண்ணும்

டேக்கார்ட்டின் பணிகளுள் ஐயத்திற்கிடமின்றி நிலைத்தது ‘வடிவகணிதம்’ ஆகும். அதன் அருமையை உணர, அவருக்கு முந்திய மரபிலிருந்த ஒரு தடையை முதலில் அறிதல் வேண்டும். கிரேக்க மரபில் ஒரு நீளத்தை மற்றொரு நீளத்தால் பெருக்கினால் கிடைப்பது பரப்பு. மூன்று நீளங்களைப் பெருக்கினால் கிடைப்பது கனஅளவு. நான்கு நீளங்களைப் பெருக்கினால் கிடைப்பது யாது? அதற்குரிய உருவம் உலகில் இல்லை. ஆதலின் நான்காம் அடுக்கும் ஐந்தாம் அடுக்கும் வடிவகணிதத்திற்கு எட்டாதவையாக இருந்தன.

டேக்கார்ட் இத்தடையை மிக எளிய முறையில் நீக்கினார். ஏதேனும் ஒரு கோட்டை அலகு நீளமாகக் கொள்க என்றார். அவ்வாறு கொண்டால், வடிவொத்த முக்கோணங்களின் துணையால், இரு கோடுகளின் பெருக்கற்பலனை மற்றொரு கோடாகவே வரைந்து காட்டலாம். பெருக்கல், வகுத்தல், வர்க்கமூலம் ஆகிய எல்லாச் செயல்களுக்கும் விடை ஒரு கோடாகவே அமையும். இதனால் எத்தனை அடுக்குள்ள சமன்பாட்டிற்கும் வடிவகணிதத்தில் இடம் கிடைத்தது. வளைகோடு ஒன்றைச் சமன்பாடாக எழுதவும், சமன்பாட்டைக் கொண்டு வளைகோட்டின் இயல்பை ஆராயவும் வழி பிறந்தது. கண்டறியப்பட வேண்டியவற்றை ஆங்கில நெடுங்கணக்கின் இறுதி எழுத்துகளாகிய எக்ஸ், ஒய், இஸட் என்பவற்றாலும், தெரிந்தவற்றை முதலெழுத்துகளாலும் குறிக்கும் வழக்கமும், அடுக்கைச் சிறு எண்ணாக மேலே எழுதும் வழக்கமும் இந்நூலால் நிலைபெற்றன. நாம் பள்ளியில் வரையும் செங்குத்தான இரு அச்சுகள் இந்நூலில் இன்றைய வடிவில் இல்லை. அவை பின்வந்தோர் செப்பம் செய்தவை. எனினும் அவற்றின் கரு இங்கேதான் உள்ளது.

இத்துறையில் அவர் தனித்து நின்றவர் அல்லர். சமன்பாட்டியலை ஒரு தனித்துறையாக வகுத்தவர் 9ஆம் நூற்றாண்டில் பாக்தாதில் வாழ்ந்த அல்-குவாரிஸ்மி. கூம்பு வெட்டுகள் ஒன்றையொன்று வெட்டும் புள்ளிகளைக் கொண்டு முப்படிச் சமன்பாடுகளுக்குத் தீர்வு கண்டவர், கவிஞராக நாம் நன்கறிந்த உமர் கய்யாம் (1048–1131). சமன்பாட்டைத் தீர்ப்பதற்கு வளைகோட்டைத் துணைக்கொண்டார் கய்யாம். வளைகோட்டை அறிவதற்குச் சமன்பாட்டையே கருவியாக்கினார் டேக்கார்ட். அதே காலத்தில் பிரான்சு நாட்டுப் பியர் ஃபெர்மாவும் தாமே இவ்வழியைக் கண்டிருந்தார்; அவருடைய கட்டுரை 1679இல்தான் அச்சாயிற்று. டேக்கார்ட்டின் நூலை வான் ஷூட்டன் இலத்தீனில் பெயர்த்து விளக்கவுரையுடன் வெளியிட, அப்பதிப்பைப் பயின்றே இளைஞர் நியூட்டன் உயர்கணிதத்தில் அடியெடுத்து வைத்தார்.

ஒளிவிலகல் விதி

நீரில் பாதி மூழ்கிய கோல் வளைந்து தோன்றுவதை அனைவரும் கண்டிருப்போம். ஒளிக்கதிர் ஓர் ஊடகத்திலிருந்து மற்றோர் ஊடகத்திற்குச் செல்லும்போது திசை மாறுவதே இதற்குக் காரணம். எவ்வளவு மாறுகின்றது என்பதை உரைக்கும் விதியை நெடுங்காலம் எவராலும் அறுதியிட்டுக் கூற இயலவில்லை. 2ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த தாலமி கோணங்களை அளந்து பட்டியலிட்டார். பாஸ்ராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த இப்னு அல்-ஹைதம் (ஏறத்தாழ 965–1040) தம் ‘கிதாபுல் மனாஸிர்’ என்னும் பெருநூலில் ஒளிவிலகலைச் சோதனை வாயிலாக விரிவாக ஆராய்ந்தார். ஒளியின் இயக்கத்தைப் பரப்புக்குச் செங்குத்தான கூறு, இணையான கூறு என இரண்டாகப் பகுத்து நோக்கியமை அவருடைய சிறப்பாகும்.

அந்நூல் இலத்தீனில் பெயர்க்கப்பட்டு, 1572இல் பாசல் நகரில் ரிஸ்னரால் அச்சிடப்பட்டது. அதன் வழிநின்று எழுதிய விதெலோவின் நூலும் அதே பதிப்பில் இடம்பெற்றது. விதெலோவின் நூலுக்கு விளக்கமாகவும் திருத்தமாகவும் கெப்ளர் 1604இல் தம் ஒளியியல் நூலை எழுதினார். ஒளியியலில் தமக்கு முதல் ஆசான் கெப்ளரே என டேக்கார்ட் ஒரு மடலில் குறிப்பிட்டுள்ளார். ஆகவே கெய்ரோவிலிருந்து லைடன் வரை இவ்வறிவு தொடர்ந்து கைமாறி வந்துள்ளமை தெளிவு. மெல்லிய துணியைக் கிழித்துச் செல்லும் பந்தினை உவமையாகக் கொண்டு, அதன் இயக்கத்தை இரு கூறுகளாகப் பகுத்து டேக்கார்ட் விளக்கும் முறையில், இப்னு அல்-ஹைதமின் முறையை நாம் மீண்டும் காண்கின்றோம்.

படுகோணத்தின் சைன் மதிப்புக்கும் விலகுகோணத்தின் சைன் மதிப்புக்கும் உள்ள விகிதம், குறிப்பிட்ட இரு ஊடகங்களுக்கு எப்போதும் மாறாதது என்பதே அவ்விதி. இதனை முதன்முதலில் அச்சில் வெளியிட்டது டேக்கார்ட்டின் ‘ஒளியியல்’ ஆகும். ஆலந்து நாட்டு ஸ்நெல் 1621இல் இதனைக் கண்டறிந்தும் வெளியிடாமலே மறைந்தார். ஸ்நெலின் கையெழுத்துப் படியைப் பார்த்தே டேக்கார்ட் எழுதினார் என்று பின்னாளில் சிலர் குறை கூறினர்; அது மெய்ப்பிக்கப்படவில்லை. இவர்கள் அனைவருக்கும் ஆறு நூற்றாண்டுகளுக்கு முன்னரே, 984ஆம் ஆண்டளவில், பாக்தாதைச் சார்ந்த இப்னு ஸஹ்ல் இதே விகிதத்தைக் கோடுகளின் நீளங்களால் கூறியிருந்தார் என்பதை 1990இல் ரோஷ்தி ராஷித் என்னும் ஆய்வாளர் வெளிப்படுத்தினார். ஒளியை ஒரு புள்ளியில் குவிக்க அதிபரவளைய வடிவிலமைந்த வில்லை வேண்டும் என்று இப்னு ஸஹ்லும் டேக்கார்ட்டும் தனித்தனியே ஒரே முடிவுக்கு வந்தமை வியப்புக்குரியது.

விதி சரியானது, ஆயின் அதற்கு டேக்கார்ட் தந்த காரணம் சரியன்று. அடர்மிகு ஊடகத்தில் ஒளி எளிதாகச் செல்லும் என்று அவர் கொண்டார். ஒளி நீரில் காற்றில் செல்வதினும் மெதுவாகவே செல்கின்றது என்பதை 1850இல் ஃபூக்கோ சோதனையால் நிறுவினார். மேலும், ஒளி பரவுவதற்குக் காலமே தேவையில்லை, நொடிப்பொழுதும் கழியாமல் அஃது எங்கும் சென்றடைகின்றது என்பதும் அவர் கொள்கை. அது பொய்யென நிறுவப்படின் தமக்கு மெய்யியலில் ஒன்றுமே தெரியாதென ஒப்புக்கொள்ளத் தயார் என்று 1634இல் அவர் மடல் எழுதினார். 1676இல், வியாழனின் துணைக்கோள் மறையும் நேரங்களைக் கணித்த ரோமர், ஒளி பரவக் காலம் ஆகின்றது என்று காட்டினார். தம் மெய்யியல் முழுவதையும் பணயமாக வைத்த அவர், அந்நாளில் உயிருடன் இல்லை.

வானவில்

‘வானிலையியல்’ கட்டுரையின் எட்டாம் பகுதி வானவில்லைப் பற்றியது. டேக்கார்ட்டின் அறிவியற் பணியில் மிகச் சிறந்தது இப்பகுதியே எனலாம். ஆதலின் இதனைச் சற்று விரிவாக நோக்குவோம்.

வானவில் விண்ணில் மட்டுமன்றி நீரூற்றின் திவலைகளிலும் தோன்றுவதை அவர் கவனித்தார். ஆகவே அதற்குக் காரணம் நீர்த்துளியே. துளியின் அளவு அன்று. துளி சிறிதாயினும் பெரிதாயினும் வில் தோன்றுமாயின், மிகப் பெரிய துளி ஒன்றைச் செய்து ஆராயலாமன்றோ? உருண்டையான பெரிய கண்ணாடிக் குடுவையில் நீர் நிரப்பி, அதனைக் கதிரவன் ஒளியில் வைத்து நோக்கினார். கதிரவனுக்கு முதுகு காட்டி நிற்பவரின் தலைநிழல் விழும் திசையிலிருந்து ஏறத்தாழ 42 பாகை அளவில் குடுவை இருந்தபோது, அதன் கீழ்ப்பகுதியில் ஒளிமிக்க செந்நிறம் தோன்றியது. குடுவையைச் சிறிது உயர்த்தியதும் செந்நிறம் மறைந்தது. சிறிது தாழ்த்தியதும் மஞ்சள், நீலம் முதலிய நிறங்கள் தோன்றின. ஏறத்தாழ 52 பாகை அளவில் மங்கலானதொரு செந்நிறம் மேற்பகுதியில் தோன்றியது.

பின்னர், ஒளி செல்லும் வழியை இடையிடையே மறைத்துப் பார்த்து, அதன் பாதையை உறுதி செய்தார். துளிக்குள் நுழையும்போது ஒரு விலகல், உட்புறத்தே பின்சுவரில் ஓர் எதிரொளிப்பு, வெளியேறும்போது மற்றொரு விலகல். இதுவே முதல் வில்லின் பாதை. உட்புறத்தே இருமுறை எதிரொளித்து வெளிவருவது இரண்டாம் வில். அதனாலேயே அதன் ஒளி மங்கலாகவும் நிற வரிசை தலைகீழாகவும் உள்ளன.

இவ்வளவில் நின்றிருந்தால் அது நல்ல சோதனை என்ற அளவிலேயே அமைந்திருக்கும். டேக்கார்ட் அடுத்த வினாவை எழுப்பினார். கதிரவன் ஒளி துளியின் முகப்பு முழுவதிலும் விழுகின்றது; வெவ்வேறு இடங்களில் விழும் கதிர்கள் வெவ்வேறு கோணங்களில் வெளியேறுகின்றன. அவ்வாறிருக்க, நிறம் 42 பாகையருகில் மட்டும் தோன்றுவானேன்?

விடை காண அவர் கணக்கிடத் தொடங்கினார். துளியின் ஆரத்தைப் 10,000 பகுதிகளாகக் கொண்டார். நடுக்கோட்டிலிருந்து எத்தனையாவது பகுதியில் கதிர் விழுகின்றது என்பதை எடுத்துக்கொண்டு, நீருக்குரிய விலகல் விகிதம் 250க்கு 187 எனக் கொண்டு, ஒவ்வொரு கதிரும் எக்கோணத்தில் கண்ணை வந்தடையும் என்று தம் சைன் விதியால் கணக்கிட்டார். 5,000ஆம் பகுதியில் விழும் கதிருக்குக் கோணம் ஏறத்தாழ 27.9 பாகை. 6,000க்கு 32.9, 7,000க்கு 37.4, 8,000க்கு 40.7. இதுவரை கோணம் விரைந்து ஏறுகின்றது. 8,500க்கும் 8,600க்கும் 41.5 பாகை. அதன்பின் கோணம் ஏறவில்லை, இறங்கத் தொடங்குகின்றது. 9,000க்கு 40.9, விளிம்பை ஒட்டிய 10,000க்கு 13.7.

இவ்வெண்களை ஊன்றி நோக்கினால் உண்மை புலனாகும். 5,000 முதல் 6,000 வரை விழும் கதிர்கள் 5 பாகை அகலத்தில் சிதறிப் போகின்றன. 8,000 முதல் 9,000 வரை விழும் கதிர்களோ ஒரு பாகைக்கும் குறைவான அகலத்தில் நெருங்கி வருகின்றன. எங்கே கதிர்கள் நெருங்குகின்றனவோ அங்கே ஒளி மிகும். எந்தக் கதிரும் தாண்டிச் செல்லவியலாத எல்லைக்கோணம் ஒன்று உண்டு, அவ்வெல்லையிலேயே கதிர்கள் குவிகின்றன, அதுவே வானவில். மேட்டில் எறியப்பட்ட பந்து உச்சியை அடையுமிடத்தில் சற்றே தயங்குவதுபோல, கோணமும் தன் உச்சியில் தயங்குகின்றது எனலாம்.

இரண்டாம் வில்லுக்கும் இவ்வாறே கணக்கிட்டார். அங்கே எல்லை, மிகச் சிறிய கோணமாக 51 பாகை 54 நிமிடத்தில் அமைந்தது. கதிரவன் ஒரு புள்ளியன்று, வட்டு என்பதையும் கணக்கிற் கொண்டு, முதல் வில்லின் ஆரம் 41 பாகை 47 நிமிடத்தைத் தாண்டாது என்றும், இரண்டாம் வில்லின் ஆரம் 51 பாகை 37 நிமிடத்திற்குக் குறையாது என்றும் முடிவு செய்தார். இரு விற்களுக்கும் இடைப்பட்ட வானம் இருண்டு தோன்றுவதன் காரணமும் இதனாலேயே விளங்கிற்று. அவ்விடைவெளிக்கு இவ்விரு பாதைகளிலும் கதிர் வருவதில்லை. கதிரவன் 42 பாகைக்கு மேல் உயர்ந்து நிற்கும் நண்பகலில் சமவெளியில் நிற்பவருக்கு வானவில் தோன்றாமையும் இக்கணக்கின் விளைவே ஆகும்.

ஆயினும் நிறங்கள் ஏன் பிறக்கின்றன என்பதற்கு அவர் அளித்த விடை பிழையானது. ஒளியைப் பரப்பும் நுண்ணுருண்டைகள் வெவ்வேறு விரைவில் சுழல்வதே நிறம் என்றார். வெள்ளொளியிலேயே எல்லா நிறங்களும் அடங்கியுள்ளன, ஒவ்வொரு நிறமும் வெவ்வேறு அளவில் விலகுகின்றது என்று முப்பட்டகச் சோதனையால் நியூட்டன் 1672இல் காட்டிய பின்னரே அப்புதிர் அவிழ்ந்தது. வில்லின் இடத்தைக் கணித்தவர் டேக்கார்ட். அதன் நிறத்தை விளக்கியவர் நியூட்டன்.

அல்-ஃபாரிஸியும் டேக்கார்ட்டும்

நீர் நிரப்பிய கண்ணாடி உருண்டை என்றதும், இஸ்லாமிய அறிவியல் வரலாறு அறிந்தோர்க்குக் கமாலுத்தீன் அல்-ஃபாரிஸி நினைவுக்கு வருவார். பாரசீகத்தைச் சேர்ந்த அவர், தம் ஆசான் குத்புத்தீன் அஷ்-ஷீராஸியின் தூண்டுதலால் இப்னு அல்-ஹைதமின் ஒளியியல் நூலுக்கு ‘தன்கீஹ் அல்-மனாஸிர்’ என்னும் திருத்தவுரை வரைந்தார். 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த அந்நூலில், நீர் நிரப்பிய உருண்டையை இருட்டறையில் வைத்து, துளை வழியே வரும் ஒளியைச் செலுத்தி, இரு விலகல்களும் ஓர் எதிரொளிப்பும் முதல் வில்லைத் தருகின்றன, இரு எதிரொளிப்புகள் இரண்டாம் வில்லைத் தருகின்றன என்று அவர் கண்டுரைத்தார். ஏறத்தாழ அதே ஆண்டுகளில் ஜெர்மனியில் ஃபிரைபெர்க் தியோதோரிக் என்னும் துறவியும் இதே முடிவுக்கு வந்தார். ஒருவரை ஒருவர் அறியார். இருவரும் கற்றது இப்னு அல்-ஹைதமின் மரபில்.

இதனைக் கொண்டு, டேக்கார்ட் அல்-ஃபாரிஸியின் கருத்தைக் கவர்ந்துகொண்டார் என்று கூறிவிடலாமா? கூறலாகாது. அல்-ஃபாரிஸியின் நூல் இலத்தீனில் பெயர்க்கப்படவில்லை. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மானிய இயற்பியலறிஞர் வீடெமான் எடுத்துக்காட்டிய பின்னரே ஐரோப்பிய ஆய்வுலகம் அதனை அறிந்தது. சான்றில்லாமல் பிறர்மீது குற்றஞ்சாட்டுவதால் நம் முன்னோர்க்குப் பெருமை சேராது. ‘எல்லாம் மேலைநாட்டார் கண்டனவே’ என்பது எவ்வளவு பிழையோ, ‘எல்லாம் நாம் முன்னரே கண்டனவே’ என்பதும் அவ்வளவு பிழையாகும்.

இருவர் பணியையும் அருகருகே வைத்து நோக்குவதே முறை. கதிர் செல்லும் பாதையைச் சோதனையால் கண்டவர் அல்-ஃபாரிஸி. டேக்கார்ட்டுக்கு 300 ஆண்டுகளுக்கு மேல் முற்பட்டவர். அப்பாதையில் செல்லும் கதிர்கள் 42 பாகையருகில் குவிவானேன் என்று எண்ணால் காட்டியவர் டேக்கார்ட். இரண்டாவது பணிக்குச் சைன் விதி இன்றியமையாதது. அவ்விதியை உரைத்த இப்னு ஸஹ்லின் பக்கங்கள் பின்வந்த ஆய்வில் தொடரப்படாமற் போனமை அறிவு வரலாற்றின் பேரிழப்பு. அவ்விதியும் அல்-ஃபாரிஸியின் உருண்டையும் ஒரே மேசையில் சேர்ந்திருந்தால் வானவில்லின் கணக்கு முன்னரே முடிந்திருக்கக்கூடும். நூல் எழுதப்படுவது மட்டும் போதாது. அது படிக்கப்படவும் பெயர்க்கப்படவும் தொடரப்படவும் வேண்டும் என்பதை இந்நிகழ்வு தெளிவுறுத்துகின்றது.

நிலைக்காத பகுதி

இனி, டேக்கார்ட்டின் இயற்பியலில் நிலைக்காத பகுதியைக் காண்போம். தடையில்லாவிடின் பொருள் நேர்கோட்டில் ஒரே விரைவில் சென்றுகொண்டேயிருக்கும் என்னும் உண்மையைத் தெளிவுறக் கூறியவர் அவர். நியூட்டனின் முதல் விதியில் அது வாழ்கின்றது. ஆயின் இரு பொருள்கள் மோதும்போது நிகழ்வன பற்றி 1644ஆம் ஆண்டு நூலில் அவர் வகுத்த ஏழு விதிகளில் பெரும்பாலானவை பிழையானவை. நான்காம் விதியைப் பாருங்கள்: அசையாதிருக்கும் பெரிய பொருளின்மீது சிறிய பொருள் எவ்வளவு விரைந்து மோதினாலும் பெரியதை அசைக்க முடியாது. தெருவில் கோலி விளையாடும் சிறுவனும் இதனை மறுப்பான். சிறிய கோலி விரைந்து வந்து மோதினால் பெரிய கோலி நகர்வதை அவன் நாள்தோறும் காண்கின்றான்.

டேக்கார்ட் இதனை அறியாதவர் அல்லர். தம் விதிகள் அனுபவத்தோடு முரண்படுவனபோல் தோன்றினும் புலன்களைவிட அறிவையே நம்புதல் வேண்டும் என்று 1647ஆம் ஆண்டு பிரெஞ்சுப் பதிப்பில் எழுதினார். சூழ்ந்துள்ள பிற பொருள்களின் குறுக்கீட்டால் உண்மை மறைகின்றது என்பது அவர் விளக்கம். இயக்கத்தை அளக்கும்போது அதன் திசையைக் கணக்கிற் கொள்ளாமல் விட்டதே பிழையின் வேர் என்பதை ஹைகன்ஸ் பின்னர் கண்டு, மோதல் விதிகளைத் திருத்தினார்.

விண்வெளி முழுவதும் நுண்பொருள் நிறைந்து சுழல்கின்றது, அச்சுழலே கோள்களை இழுத்துச் செல்கின்றது என்னும் அவருடைய சுழற் கொள்கை அரைநூற்றாண்டு ஐரோப்பாவை ஆண்டது. அதில் கணக்கு இல்லை. அத்தகைய சுழல்கள் கெப்ளரின் விதிகளோடு பொருந்தா என்று 1687இல் நியூட்டன் கணக்கிட்டுக் காட்டினார். குருதி உடலெங்கும் சுற்றி வருகின்றது என்று ஹார்வி 1628இல் நிறுவியதை டேக்கார்ட் வரவேற்றார். ஆனால் இதயம் சுருங்கிக் குருதியைத் தள்ளுகின்றது என்பதை ஏற்கவில்லை. இதயத்தின் வெப்பத்தால் குருதி பொங்கி வெளியேறுகின்றது என்றார். பல விலங்குகளை அறுத்து ஆராய்ந்தும், முன்னரே மனத்திற்கொண்ட தெளிவு கண்முன் இருந்ததை மறைத்துவிட்டது.

இரு தெளிவுகள்

முன்னுரையில் எழுப்பிய வினாவுக்கு இப்போது விடை கூறலாம். தெளிவாகவும் திட்டமாகவும் அறிவுக்குப் புலப்படுவது உண்மை என்பது டேக்கார்ட்டின் அளவுகோல். வானவில்லிலும் அவர் இதனையே கையாண்டார். சிசிலி நாட்டு மௌரோலிக்கோ முதல் வில்லின் ஆரத்தை 45 பாகை என்றும் இரண்டாவதை ஏறத்தாழ 56 பாகை என்றும் கூறியிருந்தார். உண்மைக் காரணத்தோடு இணையாத நோக்கீடுகளை எவ்வளவு குறைவாக நம்ப வேண்டும் என்பதற்கு அதனையே டேக்கார்ட் எடுத்துக்காட்டினார். அங்கே அவர் கூறியது முற்றிலும் சரி. பிழையான அளவீட்டைக் கணக்கு திருத்தியது.

அதே மனநிலை மோதல் விதிகளில் அவரைப் படுகுழியில் தள்ளியது. வேறுபாடு எங்கே? வானவில்லில் அறிவின் முடிவு ஓர் எண்ணாக வெளிவந்தது. 41 பாகை 47 நிமிடம் என்று கூறிவிட்டபின், எவரும் ஒரு கருவியை எடுத்துச் சென்று அளந்து பார்க்கலாம், மாறுபடின் மறுக்கலாம். குடுவை ஏற்கெனவே ‘ஏறத்தாழ 42’ என்று சான்று பகர்ந்திருந்தது. மோதல் விதியிலோ, கோலி எதிர்ச்சான்று பகர்ந்தபோது சான்றே விலக்கப்பட்டது. சுழற் கொள்கையில் எண்ணே இல்லை. ஆகவே அதனைச் சோதிக்கவும் வழியில்லை.

நோக்கீடு பிழைபடும், அதனைக் கணக்கு திருத்தும். சிந்தனை பிழைபடும், அதனை நோக்கீடு திருத்தும். இரண்டும் ஒன்றையொன்று திருத்த இடமளித்த துறைகளில் டேக்கார்ட்டின் பணி நின்றது. ஒன்று மற்றொன்றின் வாயை அடைத்த துறைகளில் அது வீழ்ந்தது.

முடிவுரை

நூல்களை ஐயுற்றவர், ஆசிரியர்களை ஐயுற்றவர், தம் புலன்களையும் ஐயுற்றவர் டேக்கார்ட். ஆயின் தம் உள்ளத்தில் தெளிவாகத் தோன்றிய ஒன்றைப் போதுமான அளவு ஐயுறவில்லை. ஐயத்தைக் கற்பித்த ஆசானுக்கு எஞ்சியிருந்த குறை அதுவே. எனினும் அவரைத் திருத்திய ஹைகன்சும் நியூட்டனும் அவர் நூல்களைக் கற்றே வளர்ந்தவர்கள் என்பதை மறத்தலாகாது. பிழையையும் பிறர் கண்டு திருத்துமாறு வெளிப்பட எழுதிவைத்தமையும் அவர் செய்த தொண்டே.

ஆய்வு மாணவர்க்கு இதிற் கொள்ளத்தக்க பாடம் உண்டு. அறிவியல் பயில்வார்க்கு மட்டுமன்று, பாடல் ஒன்றன் காலத்தைக் கணிப்பார்க்கும், சொல்லின் வேரைத் தேடுவார்க்கும், கல்வெட்டைப் படிப்பார்க்கும் அது பொருந்தும். ஒரு முடிவு நம் உள்ளத்துக்கு மிகத் தெளிவாகத் தோன்றும் வேளையே அதனைச் சோதனைக்கு உட்படுத்த வேண்டிய வேளை. பிறர் அளந்து பார்த்து மறுக்கத்தக்க வடிவில் அதனைக் கூறுதல் வேண்டும். மறுப்புச் சான்று வருமாயின் சான்றை விலக்காமல் முடிவை விலக்குதல் வேண்டும். வானவில்லுக்கு விடை கண்ட டேக்கார்ட் இதனைச் செய்து காட்டினார். மோதல் விதி வகுத்த டேக்கார்ட் இதனைச் செய்யாமையால் நேரும் இழப்பைக் காட்டினார். இரண்டிற்காகவும் அவர் நம் கல்விக்குரியவர்.